சரிபார்க்கப்பட்டது

நவம்பர் 3

வெறும் வயிற்றில் 148.

தினமும் காலையில் சர்க்கரை அளவைக் குறித்து வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். சிமெண்ட் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி பத்து மாதமாக பீரோ மேல் கிடந்தது. அதை எடுத்திருக்கிறேன். அளவை மட்டும் எழுதினால் பக்கம் மிச்சமாகிறது. மிச்சத்தைச் சும்மா விட மனசு வரவில்லை. இருபத்தாறு வருஷம் நகராட்சியில் காலிக் கட்டங்களை நிரப்பியே பழகிப்போன கை.

ஆபீஸில் இன்று புது இழவு. ஊரில் வீட்டு நாய் வைத்திருக்கிற அத்தனை பேரும் லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டதற்குச் சான்று காட்டினால் லைசென்ஸும், கழுத்தில் கட்ட நம்பர் போட்ட டோக்கனும் கிடைக்கும். இந்த மாதம் முடிவதற்குள் முந்நூறு லைசென்ஸ் காட்ட வேண்டும் என்று கமிஷனர் உத்தரவு. இதற்கு யாரைப் போடலாம் என்று யோசித்து, நாயைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போகிற என்னைப் போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 5

144.

விண்ணப்பப் படிவம் நானே தட்டச்சு செய்தேன். மேலிருந்து வந்த மாதிரிப் படிவம் நாலு பக்கம். நம் ஜனம் நாலு பக்கம் நிரப்பினால் விடிந்துவிடும். ஒரே பக்கத்தில் அடக்கினேன். ‘தடுப்பூசி போட்ட தேதி’க்கு ஒரு கட்டம், ‘முகாமில் கலந்துகொண்ட தேதி’க்கு ஒரு கட்டம் என்று இருந்ததை, இடம் போதாமல், ‘தடுப்பூசி / முகாம் தேதி’ என்று ஒரே கட்டமாக்கினேன். கமிஷனர் பார்த்துவிட்டு, மந்திரமூர்த்தி கைபட்டால் எதுவும் கச்சிதம் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சீல் செய்து வந்துவிட்டது. ‘சரிபார்க்கப்பட்டது’. பதினோரு எழுத்தும் பொடிந்து போகாமல் விழுகிறது. வீட்டுக்கு எடுத்து வந்து இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒன்று குத்திப் பார்த்தேன். உலகம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

நவம்பர் 8

151. நேற்று சேவு தின்றது.

நகராட்சித் திடலில் நாய்களுக்குத் தடுப்பூசி முகாம். வந்தது இருநூற்றுக்கும் மேல். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் இருந்தது நாற்பத்தொரு ஊசிதான். பதினொரு மணிக்கு டப்பாவை மூடிவிட்டு, ஸ்டாக் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று ஜீப்பில் ஏறிவிட்டார். ஜனம் என்னைப் பிடித்துக்கொண்டது. மருந்து என் சட்டைப் பையில் இருப்பது மாதிரி.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பனும் தன் செவலை நாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வரிசை முடியுமுன்பே மருந்து முடிந்துவிட்டதால், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நாயோடு நடந்தார். உலகம்மாளுக்கு அந்தச் செவலை மேல் உயிர். மீந்த சோற்றை எனக்குத் தெரியாமல் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் வைப்பாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 14

156.

கமிஷனர் கூப்பிட்டார். முந்நூற்றில், முகாமில் போட்டதும் முன்பே பிரைவேட்டில் போட்டதும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டுதான் ஆகியிருக்கிறது. மற்றதெல்லாம் ஊசிச் சான்று இல்லாமல் கட்டாகக் கிடக்கிறது என்றேன். மருந்து எப்போது வரும் என்று மாட்டாஸ்பத்திரிக்கே தெரியவில்லை. அவர் என் படிவத்தை எடுத்து அந்தத் தேதிக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். பிறகு, “இவங்க முகாமுக்கு வந்தவங்கதானே?” என்றார். ஆமாம் என்றேன். “அப்போ முகாம் தேதி இருக்கே” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பொய் எழுதச் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. நாய் முகாமுக்கு வந்தது உண்மை. முகாம் எட்டாம் தேதி நடந்தது உண்மை. கட்டத்தில் 8.11 என்று போடுவதில் என்ன தப்பு? மருந்து அடுத்த வாரம் வரும், வந்ததும் எல்லோரும் போட்டுக்கொள்ளப் போகிறார்கள். பேப்பர் முன்னால் போகும், வேலை பின்னால் வரும். எந்த ஆபீஸில் இது நடக்கவில்லை.

இன்று மட்டும் நாற்பது போட்டேன். சீல் குத்திக் குத்தி மணிக்கட்டு வலி.

நவம்பர் 17

159. நடைப்பயிற்சி இல்லை, மழை.

ஆவுடையப்பனுக்கு டோக்கன் கொடுத்தாயிற்று. நம்பர் 173. “ஊசி போடலியே, பரவால்லையா?” என்று குனிந்து கேட்டார். மருந்து வந்ததும் முதல் ஆளாய்க் கூப்பிடுகிறேன் என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. டோக்கன் இல்லாவிட்டால் அபராதம் என்று தெருவுக்குத் தெரு ஆட்டோவில் கத்திக்கொண்டு போகிறார்களே.

சாயங்காலம் செவலை புது மாப்பிள்ளை மாதிரி பித்தளை வில்லையை ஆட்டிக்கொண்டு திரிந்தது. உலகம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டே அதற்கு ஊசி போட்டாகிவிட்டதா என்று கேட்டாள். “நான்தான சீல் போட்டிருக்கேன்” என்றேன். அவளுக்கு அது போதும். ரேஷன் கார்டிலிருந்து மகள் ஜாதகம் வரை நான் பார்த்துவிட்டேன் என்றால் அவள் திரும்பப் பார்க்க மாட்டாள்.

நவம்பர் 19

155.

உலகம்மாள் வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருக்கிறாள். தேங்காய் துருவும்போது கிழித்துவிட்டதாம். ஐம்பது வயதில் தேங்காய் துருவத் தெரியவில்லையா என்று சத்தம் போட்டேன். மஞ்சள் வைத்திருக்கிறாளாம்.

டோக்கன் இதுவரை 251.

நவம்பர் 21

150.

முந்நூறு. மாவட்டத்தில் நாம்தான் முதல். கமிஷனர் எல்லோர் முன்னாலும் கைகொடுத்தார். குடியரசு தினத்துக்கு என் பெயர் பாராட்டுச் சான்றிதழுக்குப் போகிறதாம். நான் ஒன்றும் அலையவில்லை. ஆனாலும் இருபத்தாறு வருஷத்தில் ஒரு காகிதமாவது என் பெயரில் வருகிறதே.

மருந்து வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்று தட்டி அனுப்பினேன்.

நவம்பர் 24

162.

செவலைக்கு உடம்புக்கு என்னவோ. இரண்டு நாளாய்ச் சோறு தொடவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, எலும்பு மாட்டியிருக்கும் என்றார் ஆவுடையப்பன். வாயைப் பிளந்து விரல் விட்டுக்கூடப் பார்த்தாராம். மத்தியானம் அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, முக்கில் கொய்யாப்பழம் விற்கிற செல்லக்கனியைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. நான் ஆபீஸில் இருந்தேன். உலகம்மாள் சொல்லித்தான் தெரியும்.

மற்ற விஷயம்: மழையில் மொட்டை மாடிக் கதவு உப்பிவிட்டது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

நவம்பர் 25

171.

பத்தரைக்கு செல்லக்கனி கவுண்டருக்கு வந்தாள். காலில் கட்டு. பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர்.

“அந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கா சார்?”

பதிவேட்டைப் பிரித்தேன். 173. ஆவுடையப்பன், செவலை, ஆண். “எட்டாம் தேதி” என்றேன்.

“ஊசி போட்டிருக்கான்னு கேக்கேன்.”

“எட்டாம் தேதின்னு போட்டிருக்கும்மா. சரிபார்த்து சீல் போட்டிருக்கு, பாருங்க” என்று பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினேன். அவள் பதிவேட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சரி சார் என்று நொண்டிக்கொண்டே போனாள்.

வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

நவம்பர் 26

187.

செவலை செத்துவிட்டது. காலிமனையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, பாம்பு தீண்டியிருக்கும் என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார் ஆவுடையப்பன். டோக்கனை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்தார். உலகம்மாள் அடுப்படியில் அழுதாள்.

டோக்கனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

நவம்பர் 27

190. மாத்திரையைக் கூட்டச் சொல்ல வேண்டும்.

காலையில் பால் வாங்கும் இடத்தில் ஆவுடையப்பன். பனியனுக்கு வெளியே இரண்டு தோளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்ததும் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். பிரைவேட்டில் நாய்க்கடி ஊசி போட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு மட்டும் தெரியும், அந்த நாய்க்கு ஊசி போடவில்லை என்று.

அவருக்கும் எனக்கும்.

நவம்பர் 28

செல்லக்கனியிடம் சொல்லிவிடுவது என்று போனேன். கூட்டம். ஒரு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 30

மறுபடி போனேன். அவள் தன் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காய்ந்துவருகிறது என்றாள். ஒரு கிலோ கொய்யா.

சொன்னால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்கிறேன். விசாரணை வரும். ஊசி இல்லாமல் 8.11 என்று போட்டது நூற்றெண்பத்தெட்டு வரி. அத்தனையும் என் கையெழுத்து. கமிஷனர் பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்ததற்கு ஏது சாட்சி? பென்ஷனுக்கு ஏழு வருஷம் இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் எழுதலாம். எழுதவில்லை.

டிசம்பர் 1

198.

இன்னும் ஒரு கிலோ. சர்க்கரைக்கு கொய்யா நல்லதென்று யாரோ சொன்னார்களாக்கும் என்று உலகம்மாள் கேலி செய்கிறாள். வீடு முழுக்க அந்த வாடை.

டிசம்பர் 3

205.

சொல்லிவிட்டேன்.

மழை தூறிக்கொண்டிருந்ததால் வாங்க ஆளில்லை. குடைக்குள் குனிந்து நின்று, அந்த நாய்க்கு ஊசி போடவில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். செல்லக்கனி பழத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“ஒங்ககிட்ட அன்னிக்கு ரெண்டு தடவ கேட்டேன், ஊசி போட்டிருக்கான்னு. நீங்க ரெண்டு தடவயும் தேதியத்தான் சொன்னீங்க. அப்பமே தெரிஞ்சுபோச்சு. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஊசியப் போட்டுட்டேன். நேத்தோட மூணு ஊசி ஆச்சு.”

அடுத்த பழத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“எங்க தெருவுல சாக்கடை போற வாறுகால்கூட ஒங்க ஆபீஸ் சீல்ல சுத்தமாத்தான் சார் இருக்கு. அத நம்பியா நாங்க நடக்கோம்? ஒரு கிலோ போடவா?”

அப்பாடா என்று இருந்தது. அது முதல் பத்தடிக்கு. அப்புறம் சுறுசுறுவென்று கோபம் வந்தது. எட்டு நாள் நான் தூங்கவில்லை, இவள் என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. வாறுகாலோடு சேர்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உலகம்மாளிடம் கொட்டினேன். முழுதும் அல்ல. நகராட்சி சீலை மதிக்காத ஜனம், வில்லை கட்டின நாய் கடித்ததற்கு ஓடிப்போய் மூன்று ஊசி போட்டிருக்கிறது என்று அந்த மட்டில் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே என் பக்கம் பேசினாள்.

“கிறுக்கச்சி. என்னயுந்தான் கடிச்சிச்சு. நான் போனனா?”

எங்கே, எப்போது என்று கேட்டதற்கு ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். சின்ன வெள்ளைத் தழும்பு. சோறு வைக்கும்போது வெடுக்கென்று கவ்விவிட்டதாம். பத்தொன்பதாம் தேதி. தேங்காய் துருவி அல்ல. சொன்னால் நான் ஆவுடையப்பனோடு சண்டைக்குப் போவேன் என்று மறைத்தாளாம்.

“சீல் போட்டிருக்கேன்னீங்களே. பெறகு எதுக்கு நான் பயப்படணும்?”

பதினாலு நாள். கிளம்பு, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். ஊசி போட்ட நாய்தானே, விளக்கு வைக்கிற நேரத்தில் மழையில் எதற்கு, காலையில் போவோம் என்றாள். மேற்கொண்டு வற்புறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். சரி, காலையில் போவோம் என்றேன்.

இதை எழுதும்போது என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

டிசம்பர் 4

சர்க்கரை பார்க்கவில்லை.

ஆறு மணிக்கே பெரியாஸ்பத்திரி. நாய்க்கடிக்குத் தனி வரிசை. நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு நிரப்பினாள். பெயர், வயது, கடித்த இடம். வீட்டு நாயா, தெரு நாயா? நாய் உயிரோடு இருக்கிறதா? பிறகு அந்தக் கட்டம். நாய்க்குத் தடுப்பூசி போடப்பட்டதா?

“போட்டதும்மா. இவங்கதான் சரிபாத்து சீல் போட்டாங்க. முனிசிபாலிட்டில இருக்காங்க” என்றாள் உலகம்மாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நர்ஸ் பேனாவைக் கட்டத்தில் வைத்தாள்.

“இல்ல” என்றேன். “போடல.”

நர்ஸ் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். உலகம்மாள் என் பக்கம் திரும்பினாள். அங்கேயே நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நாய் செத்து எட்டு நாள் ஆகிறது என்றதும் நிமிர்ந்து பார்த்தார். ஆறின தழும்பானாலும் அதைச் சுற்றியே ஒரு மருந்து போட வேண்டும் என்றார். விரலில் சதை எங்கே இருக்கிறது. ஊசி இறங்க இறங்க விரல் உப்பி வெளுத்தது. உலகம்மாள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் தோளைத் தொட்டேன். தோளை நகர்த்திக்கொண்டாள்.

பிழைத்துக்கொள்வாளா என்று டாக்டரைத் தனியே கேட்டேன். அன்றைக்கே வந்திருந்தால் பயமே இல்லை என்றிருப்பேன், இப்போதும் நம்பிக்கையோடு போடுவோம், தொண்டையில் தண்ணீர் இறங்காமல் தடுமாறினால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். அப்படித் தடுமாறினால் கூட்டி வந்தும் பிரயோஜனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆபீஸில் வெறிநோய் பற்றிய நோட்டீஸை அடித்துக் கொடுத்ததே நான்தான்.

மகளிடம் சொல்ல வேண்டாம் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் பேசியது அது ஒன்றுதான்.

டிசம்பர் 5

காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். காபி குடித்தாள்.

நூற்றெண்பத்தெட்டு நாய்களுக்கும் ஊசி போடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு கமிஷனர் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மருந்து நேற்று வந்துவிட்டது, இனி போட்டுவிட்டால் போகிறது, தேதி இருந்தபடி இருக்கட்டும் என்றார். அந்தக் காகிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்துப் பதிவு நம்பர் வாங்கிவிட்டேன். இனி அது மடங்காது. என்ன வேண்டுமானாலும் வரட்டும்.

டிசம்பர் 7

தண்ணீர் குடித்தாள். இரண்டாவது ஊசி.

மாட்டாஸ்பத்திரி டாக்டரை இழுத்துக்கொண்டு பட்டியலோடு வீடு வீடாகப் போகிறேன். பாதிப் பேர் கேட்டைத் திறக்கவில்லை. “அதான் டோக்கன் கொடுத்துட்டீங்களே, இன்னும் எதுக்கு ஊசி?” என்கிறார்கள். ஒருவர் என் சீலை என்னிடமே காட்டினார்.

இன்று பத்தொன்பது நாய்.

டிசம்பர் 11

குடித்தாள்.

மூன்றாவது ஊசிக்குக் கிளம்பினோம். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பூட்டிவிட்டேன், நட என்றேன். தெருமுனை வரை வந்தவள் நின்றாள். திரும்பி வீட்டுக்குப் போனாள். பூட்டைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் பூட்டின பூட்டை அவள் இழுத்துப் பார்த்ததில்லை.

டிசம்பர் 18

குடித்தாள். மொத்தம் நூற்று மூன்று நாய். எனக்கு மெமோ வந்துவிட்டது. கமிஷனருக்கு இல்லை.

டிசம்பர் 24

குடித்தாள். மத்தியானம் விக்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது. வெறும் விக்கல்தான்.

டிசம்பர் 31

நாளைக்கு நாலாவது ஊசி. கடைசி. அதற்குப் பிறகும் சில மாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றிருக்கிறார்.

சிமெண்ட் கடைக்காரர் அடுத்த வருஷ டைரியைக் கொடுத்துவிட்டார். வாங்கி வைத்திருக்கிறேன்.

காலையில் உலகம்மாள் செம்பிலிருந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நின்றுகொண்டே மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்து டம்ளரை என் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு பேப்பரில் விழுந்தது.

“சரிபாத்தாச்சா?” என்றாள்.

ஆமாம் என்றேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.